போனம்மா எழுதுவது

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
8 ஆகஸ்ட் 1999

அன்புள்ள வசந்தாமணி அண்ணிக்கு,

பதில் போடத் தாமதித்ததற்காக முதலில் என்னைத் திட்டிவிடுங்கள், பிறகு மேலே படியுங்கள். உங்கள் கடிதம் ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டது. அதோடு, வான்மதியை அங்கே பள்ளியில் சேர்க்க என் கையெழுத்துக்காக நீங்கள் வைத்திருந்த ப்ரீ-கே.ஜி. விண்ணப்பத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. ஆறு சனிக்கிழமை போனில் பேசினோம். நீங்களும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இங்கே வெயில் நூற்று நான்கு டிகிரி. கார் ஸ்டியரிங்கைத் துணி போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு ஆபீஸ் வேலை அதிகம், மற்றபடி சௌக்கியம். சேனாபதி அண்ணாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்களா? தறிப்பட்டறையை யாரிடமாவது விட்டுவிட்டு ஒரு மாதமாவது வீட்டில் உட்காரச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் நான் எழுதினேன் என்று சொல்லுங்கள். வான்மதிக்கு அனுப்பிய மஞ்சள் கவுன் சிறியதாகிவிட்டது என்றீர்கள். இரண்டு வயதுக்காரி அளவுதான் என் கண்ணில் இருக்கிறது. அவள் மூன்றை நெருங்குவது கடையில் நிற்கும்போது எனக்கு மறந்துவிடுகிறது.

இத்தாலி போய் வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை விவரமாக எழுதுகிறேன். நீங்கள் கேட்ட இன்னொன்றுக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

இவருக்கு அங்கே இரண்டு வாரம் ட்ரெய்னிங். என் படிப்பு மே மாதமே முடிந்துவிட்டதால் நானும் கூடப் போனேன். அந்த ஆபீஸில் புருனோ என்று ஒருவர். சனி, ஞாயிறு சும்மா இருக்காதீர்கள், மலைக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டார். மலை என்றதும் ஊட்டி மாதிரி காரில் போய் இறங்கி டீ குடிப்பது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் நெட்டுக்குத்தான பாறை. பத்தாயிரம் அடிக்கு மேலே சிகரம். அதில் அடியிலிருந்து உச்சிவரை இரும்புக் கம்பிவடம் ஓடுகிறது. ஏணி இருக்கிறது, கால் வைக்கப் பாறையில் அடித்த கம்பிகள் இருக்கின்றன. வியா ஃபெராட்டா என்கிறார்கள், இரும்புப் பாதை என்று அர்த்தமாம். பழைய யுத்தத்தில் சிப்பாய்கள் போட்ட வழி என்று புருனோ சொன்னார். சிப்பாய்கள் போட்ட வழியில் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

வழிகாட்டி பெயர் கொன்ராட். நம் சேனாபதி அண்ணா வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். எனக்கு மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, தலைக்கு ஹெல்மெட் வைத்து, இடுப்பிலிருந்து இரண்டு கயிறு தொங்கவிட்டார். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு கொக்கி. இரண்டையும் கம்பிவடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். பத்தடி, பன்னிரண்டு அடிக்கு ஒருதரம் வடத்தைப் பாறையோடு பிடிக்கும் முளை வரும். கொக்கி அதைத் தாண்டாது. அங்கே நின்று ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். அது மாட்டியது என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். எந்த நேரமும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அவருக்கு வந்த அரைகுறை இங்கிலீஷில் "ஒன், தென் அதர்" என்று ஒவ்வொரு முளைக்கும் சொன்னார். நம் ஊர் பஸ் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்பதுபோல அலுக்காமல் சொன்னார்.

உங்கள் தம்பியின் வீரத்தைக் கேளுங்கள். முதல் ஏணியில் பதினைந்து படி ஏறியவர் அப்படியே கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கொன்ராட் போய் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறக்கினார். கீழே வந்ததும் என் காதருகே, "சாரதா, முட்டி வலிக்குதுன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன். நீங்களும் இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் கிணற்றுப்படி இறங்க அழுவான் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. புருனோ அவரோடு அடிவாரத்து விடுதியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்திருக்க வேண்டியவள்தான். ஏன் ஏறினேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ரோட்டைக் கடக்கவே இரண்டு முறை பார்ப்பவள் நான். ஆனால் அங்கே இரண்டு கைக்கும் வேலை இருந்தது, மனதுக்கு அடுத்த முளைவரைதான் வேலை. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு காலைப்பொழுது எனக்கு வாய்த்ததில்லை.

தப்பு நடந்தது கஷ்டமான இடத்தில் இல்லை அண்ணி. கஷ்டமான இடங்களில் கொன்ராட் தன் இடுப்போடு என்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். அதெல்லாம் தாண்டி, நடக்கும் அளவுக்குச் சுலபமான ஓரப் பாதை. என்னைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். எதிர்ப்பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் போகலாம் என்று முளை வந்ததும் இரண்டு கொக்கியையும் ஒன்றாகக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துக் கழற்றி, சேர்த்து மாட்டினால் வேலை மிச்சம் என்று என் கை நினைத்துவிட்டது. வலது கால் பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே ஒரு பச்சைக் குளம், அவ்வளவுதான்.

கொன்ராட் எட்டி வந்தார். என் மார்ப்பட்டையை ஒரு கையால் பிடித்துப் பாறையோடு வைத்து அழுத்தினார். இன்னொரு கையால் என் விரல்களைப் பிரித்து ஒரு கொக்கியை வாங்கி மாட்டினார். பிறகு மற்றதை. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. அதன் பிறகு உச்சிவரை "ஒன், தென் அதர்" சொல்லவில்லை. நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உச்சியில் ஒரு பெரிய சிலுவை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். சென்னிமலைக் கோயில் படி ஏறி முடித்த ஞாபகம்போல. கொன்ராட் ஓடி வந்தார். காலில் அடிபட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார். சாமி இருக்கும் இடத்தில் செருப்போடு நிற்கமாட்டோம் என்று விளக்கினேன். அவர் காலடியில் இருந்த பனியைக் காட்டினார், என் காலைக் காட்டினார், அப்புறம் தானே உட்கார்ந்து லேஸைக் கட்டிவிட்டார். சாமி கோபித்துக்கொள்ளாது என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை. காற்று மட்டும்தான் சத்தம்.

ரொட்டி தின்றுகொண்டே, குழந்தை உண்டா என்று கேட்டார். ஒரு பெண், இரண்டே முக்கால் வயது என்றேன். கீழே விடுதியில் இருக்கிறாளா என்றார். இல்லை, இந்தியாவில் என்றேன். யாரோடு என்று கேட்டார்.

அண்ணி, என் கணவரின் அக்காவோடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வித் ஹர் மதர்" என்று வந்துவிட்டது. அவளுடைய அம்மாவோடு. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தன் இங்கிலீஷில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார். தலையாட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் திருத்தவில்லை. திருத்தினால் எதைத் திருத்துவது?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரைச் சட்டென்று உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? லைன் சரியில்லை என்று அவர் சமாளித்தார். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் அவளிடம், "யாரு பேசறாங்க, சொல்லு கண்ணு" என்றீர்கள். அவள் "போனம்மா" என்றாள். என் காதில் "போன அம்மா" என்று விழுந்தது. விட்டுவிட்டுப் போன அம்மா. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவர் கதவுக்கு வெளியே நின்று, "அடி, போன்ல வர்ற அம்மா போனம்மா. குழந்தை வெச்ச பேரு. நீ ஏன் உக்காந்து பதம் பிரிச்சுட்டு இருக்கே" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் நான் பிரித்ததும் தப்பில்லை.

பதினோரு மாதக் குழந்தையை உங்களிடம் கொடுத்தபோது வேறு வழி தெரியவில்லை. டேகேரில் விட்ட நாள் முதல் காதில் சீழ், மாதம் ஒரு ஆன்டிபயாடிக், எனக்குப் பரீட்சை, இவருக்கு வாரா வாரம் பயணம். நீங்கள் ஆறு மாதம் இங்கிருந்து கவனித்தீர்கள். உங்கள் விசா முடிந்தது, அதே விமானத்தில் அவளுக்கும் ஒரு டிக்கெட் போட்டோம். டல்லாஸ் ஏர்போர்ட்டில் அரை மணி நேரத்தில் என் கையிலிருந்து உங்கள் கைக்கு மாறினாள். அங்கே வந்து ஒன்பது ராத்திரி அவள் தூங்கவில்லை என்பதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. போன வருஷம் சேனாபதி அண்ணா வாய்தவறிச் சொன்னதுதான். ஒன்பது ராத்திரியும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் நீங்கள்.

இப்போது இவர் திட்டம் என்னவென்றால், ஆகஸ்ட் கடைசியில் இரண்டு வாரம் லீவு. "போறோம், கூட்டிட்டு வர்றோம். ரெண்டு நாள் அழுவா, அப்புறம் பழகிக்குவா" என்கிறார். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பர் ஏழாம் தேதி சேர வேண்டும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. முன்பும் இப்படித்தான் கச்சிதமாகப் பொருந்தியது.

நான் அதற்கு ஒப்பவில்லை. ஜனவரியில் சேருகிறேன் என்று ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். அதுவரை இடம் இருந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் வேறு தேட வேண்டியதுதான். இவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, மூன்றாம் நாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். ஆகஸ்ட் 29 காலை கோயம்புத்தூர் வந்து சேருகிறேன். நான் மட்டும்தான். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் முன், கார்த்திகை முடியும்வரை உங்கள் வீட்டில் இருக்க எனக்கு அனுமதி வேண்டும். நீங்களும் அவளும் படுக்கும் அறையில் ஒரு பாய் போதும்.

அவளை நீங்களே குளிப்பாட்டுங்கள், நீங்களே ஊட்டுங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன். அவளாக என் பக்கம் கை நீட்டும்போது வாங்கிக்கொள்கிறேன். அப்போதும் நீங்கள் கையை விட்டுவிடக் கூடாது. ஒன்று முக்கியம் அண்ணி. "அம்மான்னு கூப்பிடாதே, அத்தைன்னு கூப்பிடு" என்று இப்போதிருந்தே அவளைப் பழக்க ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர். ஒரு வீட்டில் இரண்டு அம்மா இருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

விண்ணப்பத்தைக் கையெழுத்துப் போடாமல் இதோடு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். விஜயதசமிக்கு நான் அங்கேதான் இருப்பேன். அன்றைக்கு அரிசியில் அவள் விரலைப் பிடித்து எழுத வைப்பது நீங்களாகவே இருங்கள். நான் தட்டைப் பிடித்துக்கொள்கிறேன். அண்ணா கால் தேறியதும் இருவரும் இங்கே வந்து விசா அனுமதிக்கும்வரை இருக்க வேண்டும். இவரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன்.

சென்னிமலைப் படியைப் பதினோரு வருஷம் எதை வேண்டி ஏறினீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்கவில்லை. அதைச் சுலபமாக எழுதுவதற்கு ஒரு வழி இருக்குமோ என்றுதான் ஆறு வாரம் தேடினேன். கிடைக்கவில்லை.

கடிதம் கைக்கு வந்ததும் அவளை மடியில் வைத்து, போனம்மா வருகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். அதை அவள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் சரிதான்.

அண்ணாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கங்கள்.

உங்கள் அன்புள்ள,
சாரதா