அட்சதை தூவாத கை

திருவண்ணாமலை
5-12-1983

சக்கரபாணிக்கும் வள்ளிக்கும் அம்மா எழுதுவது. இருவரும் நலமாயிருக்க வேண்டும்.

உங்கள் கல்யாணத்தில் நான் வேண்டுமென்றே அட்சதை போடாமல் நின்றேன் என்று உன் அத்தை தங்கம்மாள் கீழ்பென்னாத்தூர் வரை சொல்லி வைத்திருக்கிறாள். அது தவறு. வேறு ஜாதிப் பெண் என்பதால் கையை மடக்கிக்கொண்டேன் என்பதும் தவறு. முதலில் எனக்குச் சம்மதமில்லை, அது உனக்கே தெரியும். சம்மதித்த பிறகு நான் பேச்சு மாறியதில்லை. அன்று என் வலது கை எழவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

தாலி கட்டும்போது விதவை பின்னால் நிற்பது நம் வீட்டு வழக்கம். நீதான் பிடிவாதமாக என்னை மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாய். எல்லாரும் தூவினார்கள். என் பங்கு அரிசி உள்ளங்கையிலேயே நசுங்கிக் கிடந்தது. இடது கையால் போட்டால் ஆசீர்வாதம் ஆகாது என்று நின்றுவிட்டேன். நீ திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

தோள் அதற்கு ஆறு வாரம் முன்பே இறுகத் தொடங்கிவிட்டது. வெளியே சொல்லியிருந்தால், மருமகள் வருவதற்குள் மாமியாருக்குக் கை விழுந்துவிட்டது என்று பழியை வள்ளி மேல் போட்டிருப்பார்கள். மறைத்ததற்கு அது பாதிக் காரணம். ரவிக்கை போட்டுக்கொள்ள இன்னொருத்தி தயவு வேண்டியிருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டது மீதிப் பாதி.

இப்போது வைத்தியம் வீட்டிலேயே நடக்கிறது. பெரியாஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் சுப்பிரமணி வந்து, நிலைக்கதவில் கப்பி மாட்டிக் கயிறு தொங்கவிட்டார். இடது கையால் இழுத்தால் வலது கை மேலே போகும். எப்பம்மா வீட்டுக்குள்ளயே கிணறு வெட்டினீங்க என்று வேலைக்கு வரும் ஆராயி கேட்கிறாள். பிறகு குனிந்து, தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களால் ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். அதன்பின் சூடு காட்டும் சிவப்பு விளக்கு. கரண்ட் கம்மியான நாளில் வெந்நீர்ப் பை. ஒரு வேளையும் தவறவில்லை. சிறுவயதில் கான்வென்ட் விடுதியில் என்னை மணியடித்து வளர்த்தார்கள். வலி ஜாஸ்தியானால் மட்டும் ஆராயியைக் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துத் தலைக்கு மேல் கைகுவித்தது. நான் மார்போடு கும்பிட்டேன். தங்கம்மாள் பக்கத்திலேயே நின்றும் கவனிக்கவில்லை.

சுவரில் கோடு மூன்று வாரமாகக் காது உயரத்திலேயே நிற்கிறது. இனி மேலே போகாமலும் இருக்கலாம் என்று சுப்பிரமணி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நீங்கள் பிலாய் போய் ஐந்து மாதம். ஒரு வரி இல்லை. நான்தான் முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீயும் என் பிள்ளைதானே, கேட்கவில்லை.

வள்ளி என்னைவிட உயரம். ஆனால் சற்றுக் குனிந்தால் என் வலது கை அவள் தலைக்கு எட்டும். அதற்கு இந்த உயரம் போதும்.

பொங்கலுக்கு வருவீர்களா, மாட்டீர்களா என்பதை உன் சிநேகிதன் பரசுராமனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கு உன் கையால் பதில் எழுது.

அம்மா,
உண்ணாமலை