கலங்கரை விளக்குத் தீவின் கேள்வி

செங்கல்பட்டு,
மார்ச் 11.

அன்புள்ள ரேணுகா,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. "இன்னாடி, இன்னும் மூணு வருசத்துக்கு சைன் போட்றவா?" என்றாய். மஸ்கட் ஆஸ்பத்திரியில் உன் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அங்கே வெயில் எப்படி என்று விசாரித்தேன். வந்துவிடு என்று சொல்லவில்லை.

போனில் வாய் வராததால் எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருந்த சாந்தா அக்கா வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன்னிடம் பேசிய அன்று மாலையே தேவனேரிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. "நர்ச பெத்துட்டு நான் கவுர்மெண்டு ஆஸ்பத்திரி லைன்ல நின்னுகினு கீறேன் பாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தது பாதிதான்.

இன்னொரு செய்தி. நம் விளையாட்டு திரும்ப வந்திருக்கிறது. உன் அப்பாவின் சங்குக் கடைக்கு வந்த ஜப்பான்காரப் பெண்மணி, ஊருக்குக் கிளம்பும்போது உன் கையில் வைத்துவிட்டுப் போனாரே உள்ளங்கையளவு வீடியோ கேம் கருவி, அதிலிருந்த அதே கதை. வண்ணத்தைக் கூட்டி, இசையைப் புதிதாக்கி, சில தீவுகளைச் சேர்த்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். இந்த முறை ஆங்கிலத்திலும். வேலைக்குப் போகும் ரயிலில் போனில் விளையாடுகிறேன்.

சிறு வயதில் நமக்கு அதிலிருந்த ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. நோட்டில் குறித்து வைத்திருந்தோம்: முதல் வரி வெட்டு, இரண்டாவது மருந்து, மூன்றாவது ஓட்டம். நீ ஒரு சண்டை, நான் ஒரு சண்டை. நாம் ஒரு வரியை அமுக்கும்வரை எதிரி கத்தியை ஓங்கியபடி நிற்பான். எனக்குப் பிடித்ததே அந்தக் காத்திருப்புதான். நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். "அவனுக்கே கை வலிக்கும், அமுக்குடி" என்று நீ திட்டுவாய். "டப்பாவ வெச்சிகினு ரெண்டும் சாமி கும்புடுதுங்க" என்பார் அம்மா.

கலங்கரை விளக்குத் தீவில், நாம் கப்பலேறும் ஒவ்வொரு முறையும் ஒரு பெண் ஓடிவந்து ஏதோ கேட்பாள். இரண்டு வரிகள் தோன்றும். மேல் வரியை ஒரே ஒருமுறை அமுக்கினோம். திரை வெகுநேரம் இருண்டு கிடந்தது. சேமித்ததெல்லாம் அழிந்துவிடும் என்று பயந்து நீ பேட்டரியையே உருவிவிட்டாய். 'மேல கை வெக்காத' என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினாய். அதன்பின் எப்போதும் கீழ் வரிதான்.

திங்கட்கிழமை காலை அந்தத் தீவை அடைந்தேன். ரயில் கொளவாய் ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளை வெளிச்சம். சன்னலுக்கு வெளியே இருந்தது ஏரியா, என் கையிலிருந்த கடலா என்று கொஞ்ச நேரம் பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பெண் ஓடிவந்தாள். "போகாமல் என்னோடு இருப்பாயா?" என்று கேட்டாள். மேலே, 'இருக்கிறேன்.' கீழே, 'நேரமாகிறது.'

ரேணு, நூறு தடவையாவது அவளிடம் நேரமாகிறது என்று சொல்லியிருப்போம்.

மேல் வரியை அமுக்கினேன். திரை இருண்டது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்ல விடிந்தது. அவள் இரண்டு கிண்ணங்களில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை, எதுவும் அழியவுமில்லை. கூடுவாஞ்சேரியில் இறங்க வேண்டியவள் ஒரு ஸ்டேஷன் தாண்டி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன்.

முதல்முறை நீ விமானம் ஏறியபோதும் நான் பேசாமல்தான் நின்றேன். உன் சம்பாத்தியம், உன் படிப்பு, நடுவில் நான் யார் என்று நினைத்தேன். அதை மரியாதை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பயம்தான். நான் கேட்டு நீ வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம்.

முடிவு உன்னுடையது. எனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. இரவுப் பணி முடிந்தால் தூங்கு. வந்துவிடு.

என்றும் உன் அன்பு மறவாத,
தேவிப்பிரியா

(என்னிடமுள்ள நகலில் பின்னர் குறித்தது, ஏப்ரல் 2: மார்ச் 14 அன்று ரேணுகா கடிதத்தை வாங்கிக்கொண்டாள். முப்பதாம் தேதி, ஒரு வருடத்துக்கு மட்டும் கையெழுத்திட்டாள்.)