அவிழ்க்க ஓர் ஆள்

3 பிப்ரவரி 1974
பள்ளி மைதானத்தில் மேடை போட்டுச் சினிமா எடுக்கிறார்கள். குத்துச்சண்டைக்காரன் கதை, ஒரு காலத்தில் குத்துச்சண்டை போட்ட என் தம்பி வீரபத்திரனிடம் கேட்டு எழுதியது. பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்துகொண்டிருப்பவனை வரவழைத்து, நாற்காலி போட்டிருந்தார்கள்.

அடிதடியெல்லாம் சரியாகவே இருந்தது. தோற்கும் காட்சியில் கதாநாயகன் கையுறைகளைப் பிடுங்கி ஜனங்கள்மேல் எறிகிறான். முடிச்சே போடாத கையுறை.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

4 பிப்ரவரி
தம்பி ஊருக்குப் போகவில்லை. "ஜனங்க மேல கிளவுஸ எறிஞ்சவன்னு என் பேரப்பசங்க நினைச்சிகினு இருக்கணுமாண்ணா? நீ படிச்சவன், போய்ச் சொல்லேன்."

"நீயே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். அந்த டைரக்டரு, காபி சாப்டுங்க பெரியவரேன்னுட்டான்." பிறகு சிரித்தான். "உன்னாலயும் ஆவாது. சண்டை நடுவுல எனக்குத் தண்ணி கேக்கவே பயந்தவனாச்சே நீ."

உண்மைதானே?

5 பிப்ரவரி
டைரக்டரிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கையுறைக் கயிற்றை மணிக்கட்டில் முடிச்சுப் போட்டு, மேலே துணி சுற்றுவார்கள். இன்னொருவர்தான் அவிழ்க்க வேண்டும். எல்லோரும் ஜெயித்தவனிடம் ஓடுவார்கள்; தோற்றவன் காத்திருப்பான். கண்ணைத் துடைக்கக்கூட விரல் கிடையாது.

சென்னையில் நான் கல்லூரியில் படித்த நாளில், அவனுக்குக் கட்டியதும் அவிழ்த்ததும் நான்தான். கடைசிச் சண்டையில் தோற்றபோது இரண்டு கைகளையும் என் மடியில் வைத்து, "மூக்கத் தொடைண்ணா" என்றான். இதை அவர்களிடம் சொல்லியிருக்கமாட்டான். அடிகளை மட்டும் சொல்லியிருப்பான்.

டைரக்டர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சீ, என்ன மனுஷன் நான்!

6 பிப்ரவரி
சொல்லிவிட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தா விசில் வருமா சார்?" என்றார் டைரக்டர்.

கதாநாயகனின் கையைப் பிடித்து நானே கையுறை கட்டினேன் — எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "இப்ப எறியச் சொல்லுங்க."

நடிகர் உதறினார், பல்லால் இழுத்தார், சிரித்தார். மூக்குநுனியில் வேர்வை நின்றது. கடைசியில் என்னிடம் கையை நீட்டினார்.

"பார்க்கலாம்" என்றார் டைரக்டர். அவ்வளவுதான்.

7 பிப்ரவரி
எங்களைக் கூப்பிடவில்லை. தம்பி முதல் பஸ்ஸில் போய்விட்டான்.

19 அக்டோபர்
டூரிங் டாக்கீஸில் படம். தம்பியும் வந்தான். பெயர்கள் ஓடியபோது அவன் பெயர் இல்லை.

தோற்ற கதாநாயகன் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். கையுறையால் கண்ணைத் துடைக்கப் பார்க்கிறான், முடியவில்லை. "ஏந்துருடா டேய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில் வரவில்லை.

தம்பி இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து என் மடியில் வைத்தான். விளக்குப் போடும்வரை எடுக்கவில்லை.