திருகாணிக்கு மட்டும்

நவம்பர் 12, புதன்

என் முன்பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க, அம்மா ஒரு வருஷமாகச் சேர்த்த இருபதாயிரத்தோடு இன்று பல் கிளினிக்குக்குப் போனோம். வாசல் போர்டில் இருபதாயிரம் என்று போட்டிருந்தது எலும்பில் இறக்கும் திருகாணியின் விலை மட்டும்தானாம். மேலே வைக்கும் பல்லுக்குத் தனியாகப் பன்னிரண்டாயிரம்.

“ஒரு ஸ்க்ரூவுக்கா டாக்டர் இவ்ளோ? சேதராப்பட்டு ஸ்க்ரூ கம்பெனில தெனம் மூட்டை மூட்டையா கட்றேன்” என்றாள் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

போன வாரம் இன்டர்வியூவில், “கையை எடுத்துட்டுப் பேசும்மா” என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள். “இப்ப ஸ்க்ரூ மட்டும் போட்டுக்கயேன்டி. பல்ல அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“சரிம்மா” என்றேன், கையை எடுக்காமலே.