அழுத இடத்திலேயே கோபம் வந்தது

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மதிய வேளையில் டிவியில் அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் போடுகிறார்கள், தையல் மிஷினைக்கூட அம்மா டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டுவிட்டாள். அந்தப் படங்களில் கதவைச் சாத்தினால் செட் சுவரே ஆடுகிறது, உயிர் போகும் நேரத்திலும் கதாநாயகி முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறாள், நான் சிரித்தால் அம்மா முறைப்பாள்.

நேற்று போட்ட படத்தை, கல்யாணமான புதிதில் கொட்டகையில் மறுபடி ஓட்டியபோது நாங்கள் சேர்ந்து பார்த்திருக்கிறோம். சந்தேகப்பட்டு மனைவியை மழையில் வெளியே தள்ளுகிறான் கணவன், கடைசியில் அவளே திரும்பி வந்து அவன் காலில் விழுகிறாள். அன்றைக்கு அந்த இடத்தில் அம்மா அழுத அழுகையில் என் கைக்குட்டையும் நனைந்து போயிற்று. நேற்று அதே இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, "எதுக்குடி விழற? எழுந்திரு! தப்புப் பண்ணவன் மரம் மாதிரி நிக்கிறான், இவ விழறா" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். கூட உட்கார்ந்து பார்த்த மாடி வீட்டு நர்ஸ், "ஆன்ட்டி, அது வெறும் படம்" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "படந்தான். இதையெல்லாம் பாத்துப் பாத்துத்தானே என் பொண்ணு அடி வாங்கிட்டு வந்து நின்னப்போ, அனுசரிச்சுப் போன்னு சொன்னேன்" என்றாள். நர்ஸ் மெதுவாக எழுந்து போய்விட்டாள். நீ உன் புருஷனை விட்டுத் தனியாகப் போன நாளிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். அப்புறம் வெகுநேரம் தைக்கவே இல்லை, துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தானாகவே வந்து, "அவ எந்நேரம் வேலை முடிஞ்சு வருவா?" என்று கேட்டாள்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் பண்ண அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா எடுத்த எடுப்பிலேயே சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள், வேறெதுவும் கேட்கமாட்டாள். இவ்வளவு நாள் கழித்துக் கேட்கிற கேள்வியா இது என்று கோபப்படாதே குட்டிம்மா. அவளுக்கு அதைவிடப் பெரிய வார்த்தை தெரியாது.

தலை நிமிர்ந்து நன்றாக இரு. பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அப்பா