கெட்டுப்போன பாலுக்குப் பச்சை விளக்கு

மாண்புமிகு முதலாளி அவர்களுக்கு,

தங்கள் கம்பெனியின் சோதனைப் பிரிவும் நானே, தங்கள் மனைவியும் நானே என்பதால் ஒரே கடிதமாக எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகம். கண்காட்சியில் கோட்டு சூட்டோடு நீங்களும் சுகமாக இருப்பதைப் படத்தில் பார்த்தேன். ஃபோனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததுமே "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். வைஃபை பெட்டி விற்கப் போனவருக்குச் சிக்னல் கிடைக்கவில்லையாம். நல்ல கூத்து!

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகள் மருத்துவமனையின் தடுப்பூசி ஃப்ரிட்ஜுகளுக்காக நாம் ஒப்புக்கொண்ட பெட்டிகள் திங்கட்கிழமை போக வேண்டும். ஃப்ரிட்ஜில் சூடு ஏறினால் உடனே நர்ஸின் ஃபோனுக்குச் செய்தி போகும் என்று அங்கே வாய் கிழியப் பேசிவிட்டு வந்தீர்கள். முந்தாநாள் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருப்பது எவால்யுவேஷன் போர்டு. இந்த மலிவு வைஃபை சிப் நமக்குச் சரிப்படுமா என்று மேஜையில் வைத்துப் பார்ப்பதற்காகச் சிப் கம்பெனிக்காரன் கொடுப்பது அது. பார்த்துவிட்டு, நமக்கான போர்டை நாம் செய்துகொள்ள வேண்டும். தையல்காரர் அளவு பார்க்கக் குண்டூசி குத்திய சட்டையோடு யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா? நீங்கள் போவீர்கள். பொத்தான் எதற்கு, தண்டச் செலவு என்றும் சொல்வீர்கள்.

உங்கள் தம்பி உங்களுக்கும் மேல். போர்டில் 'சோதனைக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கிறதே, அதன்மேல் என் நகப்பூச்சைத் தடவி மறைத்துக்கொண்டிருந்தார். போர்டும் சிவப்பு, பூச்சும் சிவப்பு, "யாருக்கு அண்ணி தெரியப் போவுது?" என்று என்னிடமே கேட்கிறார். பாட்டிலும் காலி.

அப்புறம் அந்தப் பச்சை விளக்கு. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டி, "பச்சை எரிஞ்சா கண்காணிப்பு நடக்குதுன்னு அர்த்தம்" என்று உங்கள் விளக்கம் வேறு. அடக் கடவுளே! போர்டுக்கு மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு ஒரு மண்ணும் தெரியாது. வைஃபை செத்தாலும் எரியும், சிப் உறைந்து நின்றாலும் எரியும். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் ஒரு பெட்டியை மாட்டி, வைஃபையை ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டேன். போர்டு திரும்ப இணையவே இல்லை. எப்படி இணையும்? சிப் கம்பெனிக்காரன் மாதிரிக்குக் கொடுத்த புரோகிராமையே அப்படியே ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அதில் மறுபடி இணைகிற வேலையே கிடையாது. பிறகு ஃப்ரிட்ஜின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பால் திரிந்து நாறியது. யார் ஃபோனுக்கும் செய்தி வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. உங்கள் தம்பி பாலை முகர்ந்து பார்த்துவிட்டு, "பால்காரன் சரியில்ல அண்ணி" என்றார். இப்படியொரு தொழில்நுட்ப நிபுணரை எங்கே பிடித்தீர்கள்?

பால் கெட்டால் மூக்குக்குத் தெரிகிறது. தடுப்பூசி மருந்து கெட்டால் பார்க்க அப்படியேதான் இருக்கும். நல்ல மருந்து என்று நம்பி நர்ஸ் போடுவார், பெற்றவர்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

இதையெல்லாம் நேற்றே உங்களுக்குச் செய்தியாக அனுப்பினேன். "சின்ன விஷயத்தப் பெருசு பண்ணாத. நர்ஸ் பாத்துப்பாங்க. சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நர்ஸே பார்த்துக்கொள்வார் என்றால் நம் பெட்டி எதற்கு, அழகுக்கா?

என் கையெழுத்து இல்லாமல் பெட்டி வாசல் தாண்டாது. போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாப்பாவுக்கு அடுத்த மாதம் தடுப்பூசி. அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நம் பெட்டி மாட்டிய ஃப்ரிட்ஜிலிருந்தே எடுத்துப் போடச் சொல் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த நிமிடமே கையெழுத்துப் போடுகிறேன்.

உங்களுக்கு அதைச் சொல்ல வாய் வராது என்ற நம்பிக்கையில்தான் இன்னும் உங்களோடு குடித்தனம் நடத்துகிறேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள்.

நல்ல புத்தியோடு வீடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி