எழுந்து நின்று கேட்ட வரலாறு

பிரியமுள்ள அப்பா,

நம் சேவைச் சங்கத்தின் செயற்குழு சென்ற மாதம் கூடி, ஒன்றரை மணி நேரம் விவாதித்து, ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இனி சங்க விழாக்களில் இயக்க வரலாறு வாசிக்கப்படும்போது, கூடியிருப்போர் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். முன்மொழிந்தவர் அரிசி ஆலைக்காரரான நம் தலைவர். வழிமொழிந்தவள் நான். கை தட்டினோம். பிறகு போண்டா வந்தது.

அந்த வரலாறு நீங்கள் எழுதியது. அறந்தாங்கி ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, தபாலில் வந்த ஆங்கில இதழ்களைப் படித்துப் படித்து, பன்னிரண்டு பக்கம் தட்டச்சு செய்தீர்கள். கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில் சில வியாபாரிகள் மதியச் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள். சொந்த வியாபாரத்தையே பேசிப் பேசி அலுத்துப்போகிறது. நாம் ஊருக்கு என்ன செய்தோம் என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்வி நாடு நாடாகப் போய், கடைசியில் நம் ஊர் லாட்ஜ் ஒன்றின் மாடியில் வந்து இறங்குகிறது. பத்தாம் பக்கத்தில் ஒரே வரி: 'பின்னாளில் மகளிரும் சேர்க்கப்பட்டனர்.' பல பத்தாண்டுகள் பிடித்த விஷயத்தை மூன்றே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி வழியாகத்தான் நான் உள்ளே வந்தேன். பள்ளிக்கூட டீச்சர் வேலையோடு இப்போது செயலாளரும் நான்தான்.

ஏன் வழிமொழிந்தாய் என்று கேட்பீர்கள். போன வருஷம் ஆறாம் பக்கத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். உட்கார்ந்தால்தானே தூங்குவார்கள் என்றார் தலைவர். உங்கள் மகளுக்கு அது நியாயமாகப் பட்டது.

கண் சிகிச்சை முகாமைக் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். மதுரை ஆஸ்பத்திரி பஸ் காலையிலேயே வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தேர்வானவர்கள் இருபத்தேழு பேர். ஒரு மணிக்குக் கிளம்பாவிட்டால் அன்றைக்கு அட்மிஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விழா முடிந்து தலைவர் கொடியசைத்த பிறகுதான் நோயாளிகள் பஸ் ஏறலாம். சாப்பாடும் அதற்குப் பிறகுதான். போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டுமே.

இருபத்தேழு பேரில் ஒருவர் சேகு பாய். நாட்டுப்படகுக்காரர். இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. விடியற்காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு டீயோடு வந்திருந்தார். அவர் மனைவி ஜொகரா அம்மா இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். பாய்தான் விழா முடியட்டும் என்று அதில் கை வைக்கவில்லை.

"இவ மொகத்த நல்லாப் பாத்து மூணு வருசமாச்சு டீச்சர்."

"பாத்து என்னத்தச் சொல்லப்போறாரு. கொழம்புல உப்பு இல்லம்பாரு" என்றார் ஜொகரா அம்மா.

"பஸ்சு விட்டுட்டுப் போயிராதுல்ல டீச்சர்?"

போகாது பாய், நான் இருக்கிறேன் என்றேன்.

சிறப்பு விருந்தினர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். வரவேற்பும் பொன்னாடைகளும் முடிந்து நான் மைக்கைப் பிடித்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. அனைவரும் எழுந்து நிற்குமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். சேகு பாய் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இரண்டாம் பக்கம் வாசிக்கும்போது ஒன்று கவனித்தேன். உங்கள் வரலாற்றில் அந்த வியாபாரிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காம் பக்கத்தில் வெளியே டிரைவர் இன்ஜினை ஓடவிட்டார். ஐந்தாம் பக்கத்தில் ஜொகரா அம்மா மேடை ஓரம் வந்தார்.

"டீச்சர், இவருக்கு வேர்த்து ஊத்துது. உக்காரச் சொல்லட்டுமா?"

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் என் காதருகே குனிந்தார். "ஒருத்தர் உக்காந்தா எல்லாரும் உக்காந்துருவாங்க மேடம். தீர்மானம் போட்ருக்கோம்ல. வேகமா வாசிங்க."

வேகமாக வாசித்தேன். அப்பா, உங்களிடமாவது இதைச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் ஒருவரும் தூங்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. உங்கள் வாக்கியங்களை ஒரு கூட்டம் முழுதாகக் கேட்டது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜொகரா அம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது தெரிந்தும் ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன்.

ஏழாம் பக்கத்தின் முதல் வரியில் நாற்காலிகள் சரியும் சத்தம் கேட்டது.

சேகு பாய் மயங்கி விழுந்ததில் இரும்பு நாற்காலியின் விளிம்பு அவர் வலது புருவத்தைக் கிழித்திருந்தது. சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று டாக்டர் சீனித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பாய்க்கு நினைவு திரும்பியது. கண்ணுக்கு நேர் மேலே திறந்த காயம் இருக்கும்போது ஆபரேஷன் செய்ய முடியாது, அவரை இன்று ஏற்ற வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். அதைப் பாய் சரியாகக் கேட்கவில்லை.

"பஸ்சு போயிருச்சா டீச்சர்?"

போகவில்லை. வாசலில்தான் நின்றது. இருபத்தாறு பேர் ஏறினார்கள். தலைவர் கொடியசைத்தார். போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

நேற்று செயற்குழு மறுபடி கூடியது. சம்பவத்துக்கு வருத்தம் தெரிவித்து, இனி மண்டபத்தில் குளுக்கோஸ் பாக்கெட் வைப்பதென்று தீர்மானித்தது. நிற்கும் தீர்மானத்தை ரத்து செய்யச் சொன்னேன். வழிமொழிய ஆள் இல்லை. அப்படியானால் நான் இனி வாசிக்க மாட்டேன் என்றேன். தலைவரே வாசிப்பதாக முடிவாகியிருக்கிறது.

நீங்கள் இருந்திருந்தால் ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தியிருப்பீர்களா? நிறுத்தியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் எழுத்தை அப்படி ஒரு கூட்டம் கேட்டு நீங்கள் பார்த்ததில்லையே அப்பா.

போன வெள்ளிக்கிழமை பாயின் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் கேட்டது வேறு.

"சாப்பிட உக்காந்தாங்களே அந்த யாவாரிங்க, அவங்க கதை என்னாச்சு டீச்சர்? பாதியில விட்டுட்டீங்க."

காயம் ஆறியதும் நானே அவரை மதுரைக்குக் கூட்டிப்போவேன் அப்பா. அறந்தாங்கியில் இறக்கி, இட்லி வாங்கிக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்த பஸ் ஏறுவோம். ஆஸ்பத்திரி வரிசையில் இருவரும் உட்கார்ந்துகொண்டு, ஏழாம் பக்கத்திலிருந்து மீதியை அவருக்கு வாசிப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. இதற்கு வழிமொழிய ஆள் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சேகு பாயின் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மூத்த மகள்,
மலர்